எந்தத் தெருவுக்கு நான் ஸ்டாப்பர்?

கால்பந்தில் ஸ்டாப்பர் பேக்கின் வேலை காலால் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசியைத் தொண்டையால்தான் செய்ய வேண்டும். கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு "விடு", "ஏறு", "பின்னால ஆள்" என்று ஆட்டம் முடிகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்வரிசைக்காரன் பத்து வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஒரு கோல் போட்டால் தோளில் தூக்கிக்கொள்வார்கள். நாம் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேச்சு. வங்கியில் காசாளராக இருப்பவர்கள், மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர்கள், மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரு கட்சி.

நான் பிறந்தது காயல்பட்டினம். வளர்ந்தது சார்ஜா. ஆடியது தூத்துக்குடி, சென்னை, கோவா. இதில் எந்த இடத்திலும் என்னை அந்த ஊர்க்காரன் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. மற்ற ஊர்கள் சொல்லாததில் எனக்கு வருத்தம் கிடையாது. காயல்பட்டினம் மட்டும் ஒருநாள் சொல்ல வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே ஆசை. அந்த ஆசை என்னை எப்படியெல்லாம் ஆட்டிவைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

உயரமாகப் பிறந்த குற்றம்

சார்ஜாவில் வாப்பா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கணக்கு பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மலையாளிப் பையன்கள், பாகிஸ்தான் பையன்கள், எங்கள் ஊர்ப் பையன்கள் என்று எல்லோரும் ஒன்றாகக் கிடந்து புரண்டோம். எல்லோருக்கும் கோல் அடிக்க வேண்டும். பின்னால் நிற்கத்தான் ஆள் கிடையாது. வகுப்பிலேயே நான் உயரம் என்பதால் பயிற்சியாளர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். அவர் எகிப்துக்காரர். பெரிய தொப்பை, வாயில் எப்போதும் விசில். வேண்டாவெறுப்பாகத்தான் நின்றேன். ஆனால் எதிரணிப் பையன் ஒருத்தன் முழு வேகத்தில் பந்தோடு வர, அவன் காலைத் தொடாமல் பந்தை மட்டும் நான் எடுத்துவிட்டேன். அந்த நிமிஷம் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. அதற்குப் பிறகு என்னைப் பின்வரிசையிலிருந்து யாராலும் நகர்த்த முடியவில்லை.

பதினாறு வயதில், உள்ளூர் கிளப் ஒன்றின் இளையோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். நன்றாகத்தான் ஆடினேன். என் அளவுக்கு ஆடாத இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது, ஏனென்றால் அவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகள். அதுதான் அங்கே விதி, இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. பதினாறு வயதில் அது எப்படித் தெரியும்? நான் நடை பழகியதே அந்த ஊரில்தான். அன்றைக்கு எகிப்து வாத்தியார் தன் காரிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது சொன்னார்: "மக்தூம், உன் வாப்பாவுக்கு ஒரு ஊர் இருக்கிறது, இல்லையா? அங்கே போய் ஆடு. அங்கே உன்னை யாரும் வெளியாள் என்று சொல்ல மாட்டார்கள்."

சொந்த ஊரில் விருந்தாளி

பள்ளிப் படிப்பு முடிந்ததும் உம்மாவும் தம்பி புகாரியும் ஊருக்கே வந்துவிட்டார்கள். வாப்பா சார்ஜாவில், நான் சென்னையில் கல்லூரியில். விடுமுறைக்கு ஊர். எங்கள் ஊரில் நோன்புப் பெருநாள் முடிந்ததும் தெருக்களுக்கு இடையே ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். அந்தந்தத் தெருக்காரர்கள்தான் அந்தந்தத் தெருவுக்கு ஆட வேண்டும். வெளியூர் ஆள் ஒருத்தருக்கு மட்டும் அனுமதி உண்டு. அவருக்குப் பெயர் கெஸ்ட் பிளேயர்.

வாத்தியார் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருக்க, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டிக் கமிட்டிச் செயலாளர் லெப்பை காக்காவைப் பார்க்கப் போனேன். அண்ணனையும் மூத்தவர்களையும் காக்கா என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பள்ளிக்கூடப் பையும் குடையும் விற்கிற கடை அவருடையது. மிக அன்பாக உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். வாப்பாவின் சுகம் விசாரித்தார். எல்லாம் முடிந்து, எங்கள் தெருவின் கெஸ்ட் இடத்தைக் கோழிக்கோட்டு முன்வரிசைக்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்தாயிற்று என்றார். நான் கெஸ்ட் இல்லை, உம்மா வீடே அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, டீயைக் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "உம்மா வீடு இங்கன இருந்தாப் போதுமா தம்பி, நீங்களும் இங்கன இருக்கணும்லா. பெருநாளைக்குப் பெருநாள் வாரவங்களை விருந்தாளின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்ல?"

தூத்துக்குடிக் காற்றில்

ஊர் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன, மாவட்டம் சேர்த்துக்கொண்டது. தூத்துக்குடியில் மாவட்ட அணிக்குத் தேர்வானேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி. கோல்கீப்பர் ரொசாரியோ, கடற்கரைக் கிராமத்துக்காரன். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அவர்கள் வீட்டில் பேசுவதே கரையிலிருந்து படகுக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். கச்சான் காற்று மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வீசினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது நமக்குக் கேட்காது. ரொசாரியோ கத்தினால் மட்டும் அந்தக் கோல் வரைக்கும் கேட்கும்.

நான் சார்ஜாப் பழக்கத்தில் பாதி இங்கிலீஷ், பாதி அரபி என்று கலந்து கத்திக்கொண்டிருந்தேன். மரியாதையாக முழு வாக்கியமாக வேறு சொல்வேன், இடது பக்கம் பின்னால் ஒருவர் தனியாக நிற்கிறார், தயவுசெய்து அவரைக் கவனியுங்கள் என்கிற ரீதியில். முதல் ஆட்டத்திலேயே அந்தத் தனியாக நின்றவர் கோலைப் போட்டுவிட்டார். ரொசாரியோ வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நிதானமாக என்னிடம் வந்தான். "ஏலே, கத்துததுன்னா தமிழ்ல ஒத்தை வார்த்தையாக் கத்து. நீ சொல்லி முடிக்கதுக்குள்ள இங்கன கோல் ஆயிருது."

பொன்னாடை

சென்னையில் ஒரு கிளப், அங்கிருந்து கோவாவில் ஒரு பெரிய கிளப் என்று பிழைப்பே கால்பந்தாகிவிட்டது. ரொசாரியோ புண்ணியத்தில் எங்கே போனாலும் தமிழில்தான் கத்தினேன். கோவாவில் எங்கள் லெஃப்ட் பேக் ஒரு வங்காளி. ஒரு சீசன் முடிவதற்குள் அவனே "ஏறு, ஏறு" என்று கத்த ஆரம்பித்துவிட்டான். ஆட்டங்களெல்லாம் டிவியில் வந்தன. வர்ணனையாளர்கள் 'சார்ஜாவில் வளர்ந்த' என்று சேர்க்காமல் என் பெயரைச் சொன்னதே கிடையாது. ஒவ்வொரு தடவையும் உம்மா டிவியைப் பார்த்து, அவன் காயல்பட்டினத்துப் பிள்ளை என்று திருத்துவாராம். புகாரி சொல்லிச் சிரிப்பான்.

அடுத்த பெருநாளுக்கு வந்தபோது கமிட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மேடை ஏற்றினார்கள். சிறப்பு விருந்தினராம். மாலை, பொன்னாடை, குளிர்பானம், துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே என் உம்மா தெருப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்னர் கிடைத்த எதிரணியில் ஒருத்தன் தூரத்துக் கம்பத்தருகே தனியாக நிற்கிறான், எங்கள் பின்வரிசைக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? பாதி எழுந்து "பின்னால ஆள்" என்று கத்திவிட்டேன். முன்னால் மைக் போட்டிருந்தது. மைதானம் முழுக்கத் திடுக்கிட்டுத் திரும்பி மேடையைப் பார்க்க, அந்த நேரத்தில் கோல் விழுந்தது. லெப்பை காக்கா என் பொன்னாடையைச் சரிசெய்து, தோளை மெதுவாக அழுத்தி உட்கார வைத்தார். "நீங்க கத்தாதீங்க தம்பி, தொண்டை வலிக்கும். வந்த இடத்துல நிம்மதியா உக்காந்து பாருங்க."

பனைமரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி

கோவா கிளப்பில் என் பக்கத்தில் இன்னொரு ஸ்டாப்பராக வந்து நின்றவன் மிலான். செர்பியாக்காரன். பனைமரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். அவன் அப்பா கட்டட வேலைக்கு ஆஸ்திரியா போனவர். மிலானைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வியன்னாவில் பள்ளிக்கூடம், அங்கேயே இளையோர் அணி, அங்கேயே இரண்டாம் டிவிஷனில் முதல் சம்பளம். பதினெட்டு வயதில் செர்பியா இளையோர் அணியிலிருந்து அழைப்பு வந்ததும் அவன் அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, புதுக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கூடவே போனாராம். அங்கே போனால் பையன்கள் இவன் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் அப்பா அம்மாவிடம் மட்டும் கற்ற பேச்சு, பழைய காலத்து ஆள் பேசுகிற மாதிரி இருந்ததாம். இரண்டு ஆட்டத்தில் இறக்கினார்கள், பிறகு கூப்பிடவில்லை. அப்புறம் சைப்ரஸ், மலேசியா, கடைசியில் இந்தியா. எல்லா ஊரிலும் வாடகை ஃபிளாட், ஒரு பெட்டி, ஒரு காபி மெஷின்.

அவனும் நானும் சேர்ந்து நின்ற நான்கு சீசனில் எங்களைத் தாண்டிப் பந்து போவது லேசில் நடக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. எதிரணி முன்வரிசைக்காரர்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் வருவதைவிடப் பக்கவாட்டில் சுற்றிப் போவதே மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் "விடு" என்றால் மிலான் விட்டுவிடுவான், "ஏறு" என்றால் ஏறிவிடுவான். ஒருநாள் டீம் பஸ்ஸில் அவனிடம் பொன்னாடைக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன், சிரிப்பு அடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "செர்பியாவில் நான் ஆஸ்திரியாக்காரன், ஆஸ்திரியாவில் நான் செர்பியாக்காரன். இந்தியாவில்தான் எந்தச் சண்டையும் இல்லாமல் வெறும் வெளிநாட்டுக்காரன்."

மாப்பிள்ளை

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே கல்யாணமானால் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். பெண்ணுக்கென்று வீடு கொடுப்பார்கள், அவள் பிறந்த தெருவில், அவள் உம்மாவின் பார்வையில். கணவன் துபாயில் இருந்தாலும் ஹாங்காங்கில் இருந்தாலும், ஊருக்கு வந்தால் அவனுக்கு வீடு அதுதான். உம்மா வீட்டுக்குப் பகலில் எட்டிப் பார்க்கலாம், ஒரு வாய் சாப்பிடலாம், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

எனக்கும் ஸுலைஹாவுக்கும் பெருநாள் முடிந்த வாரம் கல்யாணம். அதற்கு அடுத்த வாரம் போட்டி. சீசனும் முடிந்து, மிலானுக்கு ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் அவனும் கல்யாணத்துக்கு வந்திருந்தான். ஸுலைஹாவின் தெருக்காரர்தான் லெப்பை காக்கா. பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர்கள் தெரு ஸ்டாப்பருக்கு முழங்கால் போய்விட்டது, இந்த வருஷம் ஆள் இல்லை என்று பெருமூச்சு விட்டார். நான் தயங்கித் தயங்கி, உங்கள் தெருவுக்குக் கெஸ்ட்டாக வேண்டுமானால் ஆடுகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டுவிட்டார். "என்ன மாப்பிள்ளை இப்படிப் பேசுதீங்க. நம்ம தெருவுல பெண்டாட்டி, நம்ம தெருவுல வீடு. நானும் இங்கன மாப்பிள்ளையா வந்தவன்தான். நீங்க கெஸ்ட்டுன்னா அப்ப நான் யாரு?"

என் கட்டிலில் மிலான்

வாசகர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் ஏங்கியது கிடைத்துவிட்டது. ஆனால் தெருதான் மாறிவிட்டது. உம்மா தெருவின் கேப்டன் யாரென்றால் என் தம்பி புகாரி. அவன் ஒரு பகல் முழுக்க என்னிடம் பேசவில்லை. நாங்கள் கேட்டபோது கமிட்டி தரவில்லை, இப்போது பெண் வீட்டுக்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்று உம்மாவிடம் புலம்பியிருக்கிறான். புலம்பி முடித்ததும் அவனுக்கு ஒரு யோசனை. நான் பெண் வீட்டுக்குப் போய்விட்டதால் உம்மா வீட்டில் என் அறை காலி. அதில்தான் மிலானைத் தங்க வைத்திருந்தார்கள். என் கட்டில் அவனுக்கு நீளம் போதாது. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உம்மா அதற்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, மேலே தலையணை வைத்துக் கொடுத்திருந்தார்.

காலையில் உம்மா வீட்டுக்கு நாஷ்டாவுக்குப் போனேன். என் இடத்தில் மிலான் உட்கார்ந்து இடியாப்பமும் கறியும் சாப்பிட்டுவிட்டு, முட்டையில் செய்கிற இனிப்பான வட்டிலப்பத்துக்கு வந்திருந்தான். உடம்பில் உம்மா தெரு ஜெர்சி. அந்த வருஷத்துக் கெஸ்ட் பிளேயர் அவன்தான். கூலி என்று ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கே ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டானாம். உம்மா தன் சார்ஜா இங்கிலீஷில் அவனோடு மணிக்கணக்கில் பேசுகிறார், அவனும் தலையாட்டுகிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் யார் பக்கம், உங்கள் பிள்ளை பக்கமா அவன் பக்கமா என்று உம்மாவிடமே கேட்டேன். உம்மா அவன் தட்டில் இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார். "உன்னைப் பாக்க அங்கன உன் மாமி இருக்காங்க. நம்ம தெருவுக்கு ஆடுத பிள்ளைய நான்தானே பாக்கணும்."

ஒரே விசில்

நீங்கள் நினைப்பது சரி. இறுதி ஆட்டத்துக்கு இந்த இரண்டு தெருவும்தான் வந்தன. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் ஊரே மைதானத்தில். உம்மா, முடுக்கு வழியாக, அதாவது பெண்கள் போய்வர வீடுகளுக்குப் பின்னால் விட்டிருக்கிற ஒடுக்கமான சந்து வழியாக, மைதானத்தை ஒட்டிய சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டார். ஸுலைஹாவும் அதே மாடியில். நான் ஆடுவதை உம்மா நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோவாவில் நிரம்பி வழிகிற ஸ்டேடியத்தில்கூடச் செய்யாததை அன்றைக்குச் செய்தேன், பூட்ஸ் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. நடு மைதானத்தில் பந்து உருண்டபோது எங்கள் லெஃப்ட் பேக்கைப் பார்த்து "விடு" என்று கத்தினேன். அவன் விடவில்லை, எதிரணியில் நின்ற மிலான் விட்டுவிட்டான். நான்கு சீசன் பழக்கம், கால் தானாக நின்றுவிட்டது. பந்து எங்கள் ஆளிடம் போய், மயிரிழையில் கோல் தப்பியது. புகாரி தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது புகாரி பந்தோடு தனியாகத் தப்பி வந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் நான் மட்டும். அவன் வலது பக்கம் உடம்பை ஆட்டிவிட்டு இடது பக்கம் போவான் என்று எனக்குத் தெரியும், அவனுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்ததே சார்ஜா மொட்டைமாடியில் நான்தான். மண்ணில் சறுக்கிப் பந்தை மட்டும் எடுத்தேன். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. என் ஆட்ட வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாகப் பந்தை எடுத்ததில்லை. புகாரி வந்த வேகத்தில் என்மேல் தடுக்கி விழுந்தான். விசில். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

பெனால்டிகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் புதுத் தெருக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, மாப்பிள்ளை உம்மா தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று கத்த ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே செய்தது என்று ஒருத்தர், அவர் எந்த ஊர் ஆள் என்று இன்னொருத்தர். கல்யாணமாகி ஒரு வாரமாக அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரே விசிலில் மறுபடி வெளியாள். புகாரி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். பேசாமல் இருந்திருந்தால் கோப்பை அவன் கையில். பந்தை எடுத்துப் புள்ளியில் வைக்கப் போன தன் ஆளைத் தடுத்துவிட்டு நேராக ரெஃப்ரியிடம் போனான். "சார், காக்கா என் காலைத் தொடல. பந்தைத்தான் எடுத்தாங்க."

கண்ணை மூடிக்கொண்டு

ரெஃப்ரி நல்ல மனிதர். யோசித்துவிட்டு பெனால்டியை ரத்து செய்து கார்னர் கொடுத்தார். என் தெருக்காரர்கள் வாய் அடங்கியது. தம்பியை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன், கார்னரைத் தடுக்க வேண்டியிருந்தது.

மிலான் முன்னால் ஏறி வந்தான். அவனை நான்தான் பார்க்க வேண்டும், வேறு யாருக்கும் அந்த உயரம் எட்டாது. அவன் எப்போது ஓட ஆரம்பிப்பான், எந்தத் தோளால் இடிப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி. பந்து வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் குதித்தோம். நான் இறங்கும்போது பந்து வலைக்குள் இருந்தது. உம்மா தெரு ஜெயித்துவிட்டது. நான்கு சீசன் என்னோடு நின்று கோலைக் காத்தவன், என் கட்டிலில் படுத்து, என் உம்மா கையால் சாப்பிட்டு, என் தலைக்கு மேலேயே கோல் போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு, எப்படியடா என்று கேட்டேன். அவன் மொட்டைமாடியைப் பார்த்துக் கையசைத்தான். "உன் உம்மா சொன்னார். குதிக்கும்போது கடைசி நேரத்தில் நீ கண்ணை மூடிவிடுவாயாம். இத்தனை வருஷமாக டிவியில் பார்த்திருக்கிறார்."

வாங்கிக் கட்டிக்கொண்டது

பரிசளிப்பில் மிலானுக்குப் பொன்னாடை போட்டார்கள். மேடையில் நாற்காலி, குளிர்பானம், ஆளாளுக்குக் கைகுலுக்கல். தோற்ற தெருக்காரர்கள்கூட அவனிடம் போய் நன்றாக ஆடினீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தார்கள். என்னிடம் ஒருத்தரும் அப்படி வரவில்லை.

மறுநாள் காலையில் வெளியே இறங்கினேன். பேக்கரிக்காரர் பிஸ்கட்டை நிறுத்துப் போட்டபடியே, அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்றார். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கார்னரை முதலிலிருந்து விளக்கினார், எனக்குப் பயமாக இருந்தது. உம்மா தெருவுக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. சொந்தத் தம்பியை அப்படியா விழத்தட்டுவது, ஜெயித்ததால் சும்மா விடுகிறோம் என்றார்கள். மாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, மத்தியானச் சோற்றில் கறி குறைந்திருந்தது. கோவாவில் ஒருமுறை தோற்றதற்கு இப்படி யாராவது பேசியிருந்தால் நான்கு நாள் தூங்கியிருக்க மாட்டேன். இங்கே ஒவ்வொரு திட்டுக்கும் நடை நிமிர்ந்துகொண்டே போனது.

கடைசியாக லெப்பை காக்கா கடை. பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். உட்காரச் சொல்லவில்லை. டீ சொல்லவில்லை. 'தம்பி', 'மாப்பிள்ளை', 'நீங்க' என்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது. நடுத்தெருவில், நாலு பேர் நின்று கேட்க, என்னைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கியதை அவர் அவமானம் என்று நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும். "ஏலே மக்தூம், நம்ம ஊர்க்காரனா இருந்துக்கிட்டு, நேத்து வந்த வெளியூர்க்காரனைப் போயி தலையால அடிக்க விட்டிருக்கியே, உனக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

கோவாவில் வாங்கிய கோப்பைகளை ஸுலைஹா அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டாள். வருகிறவர்களிடம் இந்தத் திட்டைத்தான் பெருமையாகக் காட்ட ஆசை என்று நான் சொன்னால், அதை எந்தத் தட்டில் வைப்பது என்று கேட்கிறாள்.